முன்கூட்டிச் சொன்ன நன்றி

முதலில் வந்தது தாகம். சுமதி பெரிய பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். என் மனைவிக்குப் பல வருடங்களாக முதல் வகை நீரிழிவு (உடல் இன்சுலினைத் தானே சுரக்காத நிலை). ஊசி இல்லாமல் உயிர் இல்லை. சர்க்கரை எகிறினால் தாகம்தான் முதல் அறிகுறி. ஆகவே எனக்குப் பகீரென்றது.

"உள்ள இருக்குற சூடு வெளியாகுதுங்க. ஐயா சொன்னாரு" என்றாள்.

அந்த ஐயா மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் வெள்ளிதோறும் பிரார்த்தனை வட்டம் நடத்துபவர். சுமதியோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் புனிதா அக்காதான் அவளை அங்கே அழைத்துப் போனார். என் மாமனார் இறந்தபோது கூடாரம் போட்டதிலிருந்து பாத்திரம் கழுவியது வரை வட்டத்துக்காரர்களே செய்தார்கள். யாரும் மிரட்டி ஆள் பிடிப்பதில்லை, அன்பைக் காட்டித்தான் பிடிக்கிறார்கள். இது என் மண்டையில் ஏற நாளாயிற்று.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீரும் முன்பே, தீர்ந்துவிட்டது என்று எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பரிசோதித்துப் பார்ப்பது சந்தேகமாம். சந்தேகப்பட்டால் அருள் விலகிவிடுமாம். சுமதியும் நன்றி சொன்னாள். குளுக்கோமீட்டரை (விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை அளக்கும் சிறு கருவி) எல்லார் முன்னாலும் ஐயாவின் காலடியில் வைத்தாள். பலத்த கைதட்டலாம். பிறகு எனக்குத் தெரியாமல் ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் ஐயாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட அவள் அவர் பக்கமே சாய்ந்தாள். வீட்டில் எதிர்ப்பு வரும் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். என் கோபம் அவர் வாக்கைப் பலிக்க வைத்தது, அவ்வளவுதான். ஊசியை அடியோடு நிறுத்தினாள்.

ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாததால் இரத்தம் அமிலமாகிப்போவது) என்றார் டாக்டர். உயிர் தப்பினாள். ஆனால் கண் விழித்ததும், வீட்டுக்குப் போனால் ஊசி போடமாட்டேன் என்றாள். அப்படிப் போனால் மறுபடி உயிரோடு திரும்பமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். பயந்தேன்.

டாக்டர் தமிழ்ப்பெண். என்னைத் தனியாக அழைத்தார். "சாமியாரப் பத்திச் சண்டை போடாதீங்கண்ணே. அவங்களே கேள்வி கேக்கட்டும். நீங்க கூடவே இருங்க, போதும்லா."

மறுநாள் புனிதா அக்கா பழங்களோடு வந்தார். "நன்றி சொன்னப்ப உன் மனசுல கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும் சுமதி. அதான் இப்படி."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமதிதான் கேட்டாள். "அக்கா, ஐயா போன மாசம் எதுக்கு சிங்கப்பூர் போனாரு?"

"இருதயம்மா. ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்க."

"ஏன், அவரு நன்றி சொல்லலயா?"

புனிதா அக்கா பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். மதியம் தாதி ஊசியோடு வந்தபோது சுமதி கையை நீட்டினாள். "குடுங்க சிஸ்டர், நானே போட்டுக்குறேன்." நான் நடைபாதைக்குப் போய் அழுதேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சாமியை விட்டுவிடு என்று சொல்லாதீர்கள். சுமதி இன்றும் விளக்கேற்றித்தான் கும்பிடுகிறாள். குணமானால் குருவின் மகிமை, குணமாகாவிட்டால் உன் குற்றம் என்று எங்கே பேசுகிறார்களோ அந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது எங்கள் பொழுது வெள்ளிக்கு வெள்ளி நகர்வதில்லை. சாப்பாட்டுக்குச் சாப்பாடு நகர்கிறது. அளக்கிறாள், போட்டுக்கொள்கிறாள், சாப்பிடுகிறாள். போன முறை கிளினிக்கில், புதிதாக நோய் கண்ட ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எப்ப சரியாச்சுக்கா?" என்று கேட்டாள்.

"சரியாகலம்மா" என்றாள் சுமதி. "அது இருக்கு. நானும் இருக்கேன்."