கைப்பிடி இல்லாத நாற்காலி

என் மகள் மலருக்குப் பத்து வயது, நடக்க முடியாது. முன்பு கிடைத்த சக்கர நாற்காலி பெரியவர்களுக்கானது. இரண்டு பக்கமும் தலையணை செருகி உட்காரவைத்தால் அவள் கை சக்கரத்துக்கு எட்டாது. "தொர கெளம்பியாச்சு, டிரைவர் ரெடி!" என்று நான்தான் எங்கும் தள்ளிக்கொண்டு போவேன்.

போன மாதம் அவளை அளவெடுத்துச் செய்த புது நாற்காலி வந்தது. பின்னால் போய் நின்றவன் குழம்பிப்போனேன். பிடித்துத் தள்ளக் கைப்பிடியே இல்லை! செய்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, இரண்டு பைப் துண்டுகளைத் தேடி எடுத்து வந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"எதுக்குப்பா அது?"

"கைப்பிடி வைக்கத்தான். இல்லாட்டி ஒன்னய யாரு தள்றது?"

அவளே சக்கரத்தைச் சுற்றினாள். லயத்து வரிசை வீடுகளின் வாசலோடு உருண்டு, கடைசி வீட்டுத் தோழி ரஞ்சியிடம் போய் நின்றாள். பழக்கதோஷத்தில் நானும் பைப்போடு பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, நீங்க அங்கேயே நில்லுங்க. நாங்க ரகசியம் பேசணும்."

இத்தனை வருடமும் அவள் பேசிய எல்லாவற்றையும் நான் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இருவரும் குசுகுசுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நல்லவேளை, பைப் இருந்தது.

"என்னம்மா பேசுனீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"சொன்னா அது ரகசியமாப்பா?"

பைப்பில் இப்போது துணி காயப்போடுகிறோம். அந்த ரகசியம் மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று புரிகிறது. ஆனாலும் தலை வெடிக்கிறது.