ஆறாம் கிழமை கிளினிக்கில் முருகன் திறந்த வாய்

அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் கிழமையில்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

என் இடது இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். குனியக் கூடாது, நிலத்தில் இருக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் மல்கிரேவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை சுவாமி அறையில் கற்பூரம் கொளுத்தினேன். சுடரைக் கண்டதும் எல்லாம் மறந்து போயிற்று. நாற்பது வருடப் பழக்கம். முழங்காலை மடித்து நெற்றியை நிலத்தில் வைத்துவிட்டேன். இடுப்புக்குள் 'கடக்' என்றது.

எழும்ப முடியவில்லை. கணவர் ஓடிவந்து தூக்கினார்.

"உமக்கென்ன விசரே? முருகன் உம்மை விழுந்து கும்பிடச் சொல்லிக் கேட்டவரே?"

"மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு படபடக்கும். மூட்டுக் கழன்றிருக்கும், திரும்ப வெட்டுவார்கள், இனி நடையே இல்லை என்று நினைத்து நான்கு நாட்கள் சோறு இறங்கவில்லை. "முருகா, மூட்டைக் காப்பாற்று" என்று அழுதபடி இருந்தேன். டாக்டர் ஏசுவார் என்று பயம். எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே, என்ன கேட்டாலும் "ஓம், நல்ல சுகம்" என்று தலையாட்டிவிட்டு வருவோம். அப்படியே வந்துவிடலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை ஆறாம் வாரப் பரிசோதனைக்குக் கிளினிக்குக்குப் போனேன்.

பிசியோதெரபிப் பெண் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்க்கும் பிள்ளை போனில் தமிழில் சொன்னாள். "அன்ரி, நோவு கீவு, விழுந்தது கிழுந்தது ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா."

'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணை மூடினேன். முருகா, எனக்குப் பொய்தான் வருகிறது, உண்மையை நீயே சொல்ல வை. அடுத்த நொடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விழுந்து கும்பிட்டது, 'கடக்' சத்தம், இரண்டு நாளாகக் கெண்டைக்கால் வீங்கி நோவது.

அந்தப் பெண் ஏசவில்லை. காலைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். மூட்டு இடம் மாறவே இல்லை. ஆனால் கெண்டைக்கால் நரம்புக்குள் இரத்தம் உறைந்து கட்டியிருந்தது.

"சொல்லாமல் வீட்ட போயிருந்தால் அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாமாம், அன்ரி" என்றாள் போனில் அந்தப் பிள்ளை.

நான் கேட்டது மூட்டைத்தான். முருகன் என் உயிரையும் சேர்த்துக் காத்தான்.

வெளிக்கிடும்போது பிசியோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். "உங்கட கடவுளை நிண்டு கும்பிட்டாலும் அவருக்குத் தெரியுமாம், அன்ரி. நான் சொல்லேல்ல, அவதான்!"

மூன்று மாதம் இரத்தக்கட்டிக்குக் குளிசையும் காலுக்குப் பயிற்சியுமாகப் போயிற்று. கட்டி கரைந்தது. இப்போது கிளினிக்கில் நான்தான் முதலில் வாய் திறக்கிறேன். "அம்மா, டாக்டருக்கு வேற ஆக்களும் இருக்கினம்" என்கிறாள் மகள்.

போன வெள்ளி கேரம் டவுன்ஸ் கோயிலை, தடியில்லாமல், மூன்று தரம் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் இவர் பின்னால் மூச்சு வாங்கினார். "கொஞ்சம் மெல்ல நடவுமப்பா!" நான் நிற்கவில்லை. கண்ணீர் வழிய வழிய நடந்தேன்.

நோவை மறைத்துக்கொண்டு இதை வாசிக்கிறீர்களா? இன்றைக்கே முருகனிடம் சொல்லுங்கள். நாளைக்கு டாக்டரிடம் சொல்லுகிற தைரியத்தை அவன் தருவான். எனக்கே தந்தவன், உங்களுக்குத் தரமாட்டானா?