கொள்ளிடத்து நாணலில் கிடைத்த சட்டை

குற்றப்பிரிவில் சேர்ந்து ஆறாவது மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுத்து வேலைக்கு இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அன்று கொடுத்தது அலைச்சல் வேலை.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்து நாணலில் ஒரு வாலிபனின் உடல் ஒதுங்கியிருந்தது. பின்மண்டையில் வெட்டு. தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்ததில் முகம் முகமாக இல்லை. சட்டைக் காலரின் உட்புறம் அழியாத மையில் ஒரு பெருக்கல் குறி, அதன்கீழ் இரண்டு புள்ளி. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காகச் சலவைக்காரர்கள் போடுவது. ஸ்டேஷனில் டோபி மார்க் என்போம்.

“இத யாரு போட்டான்னு கண்டுபிடிய்யா. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தல காட்டாத,” என்றார் இன்ஸ்பெக்டர்.

சட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, சாதா உடையில், நான்கு நாள் படித்துறை படித்துறையாக அலைந்தேன். ஐந்தாம் நாள் உய்யக்கொண்டான் வாய்க்காலில் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் காலரை விரித்துப் பார்த்தார். சட்டையை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டைச் சொன்னார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சைக்கிளை மிதித்தேன்.

அந்த வீட்டில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஒரே மகன், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி இரண்டு வாரம். அந்த அம்மா சட்டையை வாங்கி மூன்றாவது பொத்தானைத் தடவினார். நீல நூலில் அவரே தைத்த பொத்தான். அழவில்லை. சட்டையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். மறுநாள் பிணவறையில் தகப்பனார் கால்களை மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஓயாமரிச் சுடுகாட்டில் அவரே கொள்ளி வைத்தார்.

மூன்றாம் நாள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். சண்டையன்று, மகனை வெட்டிப் போட்டுவிடுவேன் என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். அவர் மறுக்கவும் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

“எம் புள்ளயே போயிட்டான். இனிமே என்ன வேணா எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார். எழுதினேன். மறுநாள் காலை மாஜிஸ்திரேட்டிடம் ஆஜர்படுத்த ஏற்பாடு. ஒரு விவரம்தான் பாக்கி: அந்தச் சட்டை கடைசியாக எப்போது வெளுத்து வீடு போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அன்று மத்தியானம் திரும்பவும் வாய்க்காலுக்குப் போனேன்.

தேதியைக் கேட்டதும் சலவைக்காரர் ஈரத்துணியைக் கீழே வைத்தார்.

“வீடு போய்ச் சேரலீங்க. தம்பி கோவிச்சுக்கிட்டுப் போனப்ப சட்ட எங்கிட்டதான் இருந்துச்சு.”

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவன், மணப்பாறைப் பக்கத்துப் பையன், பெண் பார்க்கப் போக நல்ல சட்டை வேண்டும் என்று இரவல் கேட்டிருக்கிறான். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவன் வரவேயில்லை.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“வெளியில தெரிஞ்சா எந்த வீட்ல சார் எனக்குத் துணி போடுவாங்க?”

எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். கல்லூரியில் சேரப் போன அன்று நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, எங்கள் ஊர்ச் சலவைக்காரர் யார் வீட்டு மூட்டையிலிருந்தோ எடுத்துக் கொடுத்தது. சட்டையில் இருக்கும் குறி ஒரு வீட்டுடையது, உள்ளே இருக்கும் உடம்பு இன்னொரு வீட்டுடையது என்பதை என் உடம்பே அறியும். ஆனாலும் குறியைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

வாய்க்கால் சலவைக்காரர் கும்பிட்டுக் கெஞ்சினார். கூட்டிக்கொண்டுதான் போனேன். இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்து, நான் எழுதிய தாள்களை வாங்கி நான்காகக் கிழித்தார். “அப்ப எரிச்சது யார?” என்றார். அந்த மாதமே சலவைக்காரருக்குப் பொன்மலையில் பாதி வீடுகள் நின்றுபோயின.

சாயங்காலம் தகப்பனாரை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். செத்தது உங்கள் மகன் இல்லை என்று சொன்னால் அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மகனின் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எம் புள்ள எங்க சார்?”

தேடுகிறோம் என்றேன். அதுவரை யாரும் தேடவில்லை. தகப்பனார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மணப்பாறை பஸ் பிடித்து, ரோட்டிலிருந்து இரண்டு மைல் நடந்து, மார்க்கெட்டில் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு. முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். அன்றும் நான் சாதா உடைதான்; இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மணையைத் தட்டிப் போட்டார்.

“பொண்ணு வீட்லேர்ந்து வரீங்களா? உக்காருங்க. எம் புள்ள திருச்சியில இருக்கான், சொல்லியனுப்புனா வந்துருவான்.”

உட்கார்ந்தேன்.