நாலு மணிச் சூடு

மின்பழுது பார்க்கிற மல்ரிமீற்றரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, 'பீப்' என்று அது ஒருமுறை கத்திய பிறகுதான் கஜந்தினி காலைத் தேத்தண்ணியில் வாய் வைப்பாள். மீற்றர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். அதன்பிறகும் கை சும்மா இராது. கரண்டியின் இரு அந்தங்களிலும் முனைகளை வைப்பாள்: பீப். வாசல் படலையின் பிணைச்சலில் வைப்பாள்: துரு, சத்தமில்லை. "ஓப்பன்" என்று தீர்ப்புச் சொல்லுவாள். கரண்டிக்கும் பிணைச்சலுக்கும் இதனால் லாபமுமில்லை, நட்டமுமில்லை.

உலகத்தில் பழுது இரண்டே வகை என்பது அவளுடைய கட்சி. மின்சாரம் போகவேண்டிய வழி அறுந்து கிடந்தால் ஓப்பன். தொடக்கூடாத இரண்டு தொட்டுக்கொண்டு கிடந்தால் சோட். மனிதரையும் இப்படியே பிரித்து வைத்திருக்கிறாள். அவளோடு படிக்கிற பருத்தித்துறைச் சூசைதாசனிடம் எதைக் கேட்டாலும் மறுமொழி வராது, அவன் ஓப்பன். புத்தூர்ச் சந்தியில் கை காட்டினாலே சீறி விழுகிற பஸ் சாரதி சோட். தன்னை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதை மட்டும் அவள் சொல்லுவதில்லை.

வயது இருபத்திரண்டு. தினமும் பஸ்ஸேறிப் போய் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் இலத்திரனியல், தொடர்பாடல் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். பாடநெறியின் பெயரைச் சொல்லி முடிக்கமுன் கேட்டவர் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்துவிடும். ஆகையால் ஊர் அதைச் சுருக்கி வைத்திருக்கிறது: "ரீவி திருத்திற படிப்பு." கெம்பஸுக்கு எடுபடுகிற வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறியவள் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் ஏதும் பழுதானால் மட்டும் மறந்துவிடும்.

பக்கத்துத் தோட்டக்காரர் முருகேசு, றேடியோவைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வருவார்.

"பிள்ளை, உவன் செய்தி வாசிக்கிறவன் ஒரு கிழமையா மூச்சுக் காட்டுறானில்லை."

"பற்றரியை மாத்திப் பாருங்கோ, மாமா."

"மாத்தினனான்."

"எப்ப?"

"போன வரியம்."

பத்துப் பழுதில் எட்டு இப்படித் தீர்ந்துவிடும். மிச்சம் இரண்டும் அவளுக்கும் விளங்காதவை. வானலைகளைச் சமன்பாடாக எழுதி மூன்று பக்கத்துக்கு விரிக்கத் தெரிந்தவளுக்கு, ரைஸ்குக்கர் ஏன் கொதிக்கவில்லை என்பதை எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. என்றாலும் கீர்த்தி அந்த எட்டிலேயே பரவிவிட்டது. வைரவர் கோயில் மைக்செற் பொங்கலன்று வாய்மூடிக் கிடந்தபோது இவளைக் கூப்பிட்டார்கள். போய்ப் பின்பக்கத்துச் சுவிச்சைப் போட்டுவிட்டு வந்தாள். "எங்கடை கஜி கை வச்சாள், அது கதைச்சுது!" என்று தாய் தவமலர் கிணற்றடியில் நின்று சொன்னது மூன்று வளவுக்குக் கேட்டது. அந்த நம்பிக்கைதான் பின்னர் வினையாக முடிந்தது.

தகப்பன் குகதாசன் மரக்கறி லொறி ஓட்டியவர். தம்புள்ளைச் சந்தைக்குக் கிழமையில் மூன்று நடை. எழுத்துக் கூட்டி அனுப்பப் பொறுமை இல்லாத மனிதர். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரலாகவே அனுப்பிவிடுவார். போன வருடம் பங்குனியில் சந்தை வாசலில், லொறிக்குள்ளேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருடைய போன் அந்த அமளியில் யார் கைக்கோ போய்விட்டது. தவமலரின் போனில் நாற்பத்துமூன்று குரல்கள் மிஞ்சின.

காதல்மொழி ஒன்றும் இல்லை. "இஞ்சாரும், பம்பை நிப்பாட்டினீரோ?" "இஞ்சை மழை தொடங்கீட்டுது, அங்கை வெங்காயத்தை மூடும்." "கஜியை பஸ் புட்போட்டிலை நிண்டு வரவேண்டாமெண்டு சொல்லும். நான் சொன்னாக் கேக்கமாட்டாள்." ஒன்றில் வெறும் இருமல் மட்டும் இருந்தது, கை தவறி அமத்தியிருக்கவேண்டும். தவமலருக்கு அந்த இருமலும் வேண்டியிருந்தது. பின்னேரம் நாலு மணி, லொறியை மரநிழலில் விட்டுவிட்டு அவர் வழக்கமாகக் குரல் அனுப்புகிற நேரம். அந்த நேரத்துக்குத் தவமலர் ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மறுமொழியும் சொல்லுவார். "ஓமப்பா, நிப்பாட்டிட்டன்."

விஷயம் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: இந்தக் குரல்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லையா? இல்லை. தானாகப் பிரதி எடுக்கிற அந்த வசதியை மனைவியின் போனில் நிப்பாட்டி வைத்தவர் குகதாசனேதான். "சும்மா கிடந்து டேட்டா தின்னுது" என்பது அவர் சொன்ன காரணம்.

ஆடி மாதம் பீற்றூட் கழுவக் குனிந்தபோது அந்தப் போன் தவமலரின் மடியிலிருந்து வழுவி, தொட்டித் தண்ணீருக்குள் போனது. இரண்டு நாள் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார்கள். போனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல கடை இருக்கிறது, கொடுத்துப் பார்ப்போம் என்றாள் கஜந்தினி.

"கடைக்காரனுக்கு என்ன தெரியும்? எங்கடை பிள்ளை உதைத்தானே படிக்குது!"

இதில் முழுப் பழியையும் தாய் தலையில் போடுவது அழகல்ல. அந்தச் சொல் மகளுக்கும் இனித்தது.

மதிய இடைவேளையில் கல்லூரி ஆய்வுகூடத்தில் ஆளில்லை. போனின் உள்ளே தண்ணீர் பட்டு வெளுத்துப்போன ஈயத்தைச் சுடுகாற்றால் இளக்கினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்பது கஜந்தினியின் கணக்கு. அந்த வேலைக்கு முந்நூற்றைம்பது பாகைச் சூடு போதும், ஆறுதலாய், தூரத்தில் பிடித்து ஊதவேண்டும் என்று றிஸ்வான் சேர் செய்முறை வகுப்பில் சொல்லியிருந்தார். மணியடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. அவள் சுடுகாற்று ஊதியை நானூற்றைம்பதில் வைத்தாள், கிட்டவும் பிடித்தாள். நாற்பத்துமூன்று குரல்களும் குடியிருந்த நினைவகச் சில்லு ஒரு ஓரத்தில் அப்பளம்போல உப்பியது.

றிஸ்வான் சேர் நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார். ஏசவில்லை. குனிந்து பார்த்தார்.

"உது ஆற்றை போன்?"

"அம்மான்ரை, சேர்."

மேசையில் கிடந்த மீற்றரை எடுத்து, அது கத்தக்கூடாத இடத்தில் முனைகளை வைத்தார். பீப். அவள் காலையில் ஆசையாய்க் கேட்கிற அதே சத்தம்.

"சோட். சில்லும் எரிஞ்சு போட்டுது. உள்ளுக்கு ஏதும் முக்கியமாக் கிடந்ததோ?"

"ஒண்டுமில்லை, சேர்."

"அப்பப் பரவாயில்லை. போன்தானே."

கதவடியில் நின்ற சூசைதாசன் அன்றைக்குப் பார்த்து, ஒருவரும் கேட்காமலே வாயைத் திறந்தான். "அவியலெண்டா நல்ல அவியல், கஜி. உப்புத்தான் போடேல்லை." அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சிரித்தாள்.

மூடியைப் பூட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெடித்துத் தொலைத்துவிடும் என்ற பயத்தில் பற்றரியை மட்டும் கழற்றித் தன் பைக்குள் ஒளித்திருந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் படலையைத் திறந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தவமலர் போனை வாங்கிச் சாச்சரில் குத்திவிட்டார். திரை விழிக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் தவமலரின் முகம் விழித்துவிட்டது.

"பிள்ளை, ஓடிவா! சூடேறுது! உயிர் கிடக்கு!"

கிடந்தது உயிர் அல்ல. தொடக்கூடாத இரண்டு தொட்டுக்கொண்டு கிடக்க, உள்ளே போன மின்சாரம் வேறு வழியில்லாமல் வெறும் சூடாகக் கழிந்துகொண்டிருந்தது. ஒரு மின்சுற்றுச் சூடாகிறது என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தமா என்று முதலாம் வருடச் சோதினையில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் கஜந்தினி. இப்போது வாயில் வந்தது வேறொன்று.

"கொழும்பிலையிருந்து ஒரு சாமான் வரவேணும், அம்மா."

அந்தச் சாமான் எட்டு மாதமாக வந்துகொண்டேயிருந்தது. வெசாக் விடுமுறை முடிந்திருந்ததால் அதைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. மற்றபடி எல்லாம் சொன்னாள். தபால்காரர் வேலைநிறுத்தம், வெள்ளம், நத்தார் விடுமுறை, துறைமுகத்தில் நெரிசல். தவமலர் ஒன்றையும் சந்தேகிக்கவில்லை. நாலு மணிக்குப் போனைக் குத்துவார். சூடேறியதும் எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பார். "இண்டைக்கு நேற்றையிலும் பாக்க நல்ல சூடு" என்பார், காய்ச்சல்காரருக்குச் சூடு தணிந்தது என்று சொல்வதற்கு நேரெதிராக. கால்மணி நேரத்தில் கழற்றிவிடுவார். "இவ்வளவு காணும். களைச்சுப்போம்." மேசையில் விரித்த பிளாஸ்ரிக் துணியில் போன் இருக்கிற இடம் மண்ணிறமாய்ப் பொசுங்கத் தொடங்கியிருந்தது. அதைக் கஜந்தினி மட்டும் கண்டாள். உள்ளறையில் இருந்து மீற்றரின் முனைகளை முட்டிமுட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பீப். பீப்.

பங்குனியில் ஆண்டுத் திவசம் வந்தது. குகதாசனின் தமக்கை, கஜந்தினியின் மாமி, கனடாவிலிருந்து வந்திருந்தார். தவமலருக்குப் புதுப் போன் ஒன்றும் பெட்டியோடு கொண்டுவந்தார். திரும்புகிற நாள் வான் வண்டி படலையில் நிற்க, மாமிக்கு யோசனை வந்தது.

"அந்தப் பழசைத் தாரும், மச்சாள். அங்கை எங்களுக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன், கடலுக்கை கிடந்து எடுத்ததையும் கதைக்க வைப்பான்."

இதைவிட நல்ல வாசல் கஜந்தினிக்கு இனித் திறக்கப்போவதில்லை. மாமி கொண்டுபோவார். மூன்று மாதத்தில் கனடாவிலும் கை விரிப்பார்கள். பழி விமானமேறிப் போய் அங்கேயே குடியுரிமை எடுத்துக்கொள்ளும். ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

தவமலர் போனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றினார். சுற்றமுன் ஒருதரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது குளிர்ந்து கிடந்தது. "பக்குவம், மச்சாள்" என்று நீட்டியபோது அவருடைய கை அதை விடமாட்டேன் என்பதுபோல் நின்றதைக் கஜந்தினி கண்டாள். மாமிக்கு வான் அவசரம்.

"குடுக்காதேங்கோ, அம்மா."

"ஏன் பிள்ளை? அவை பாப்பினம்."

"ஒருத்தராலையும் ஏலாது. அப்பான்ரை குரல் இருந்த சில்லு எரிஞ்சு போச்சு. நான்தான் எரிச்சனான். ஆடியிலை."

மாமிக்கு விளங்கவில்லை. "சூடேறுதெண்டெல்லோ கொம்மா சொன்னவ?"

"அது பழுதின்ரை சூடு, மாமி. உதுக்குள்ளை பற்றரிகூட இல்லை."

தவமலர் மகளைப் பார்க்கவில்லை. கைலேஞ்சியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்பக் கொழும்புச் சாமான்?"

"அப்பிடி ஒரு சாமான் இல்லை, அம்மா."

வான் ஹோன் அடித்தது. தவமலர் முடிச்சை அவிழ்த்தார், போனை மேசையில் வைத்தார், கைலேஞ்சியை இரண்டாய் மடித்து நாலாய் மடித்தார். "வெளிக்கிடுங்கோ மச்சாள், வான்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

மத்தியானம் வழமைபோலச் சமைத்தார். மகளுக்குப் போட்டுக் கொடுத்தார். தனக்குச் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை. மூன்று மணிபோல முருகேசு, றேடியோவும் அணைப்புமாய்ப் படலையைத் திறந்தார்.

"பிள்ளை நிக்குதோ? உவன் திரும்பவும் மூச்சுக் காட்டுறானில்லை."

"கடையிலை குடுங்கோ, அண்ணை" என்றார் தவமலர். "அவள் உது படிக்கிறேல்லை."

உள்ளறையில் கஜந்தினியின் கையில் மீற்றர் இருந்தது. முனைகளை முட்டவைக்கவில்லை. முருகேசு றேடியோவையும் பார்த்து, தவமலரையும் பார்த்து, பற்றரியை மாத்திப் பார்க்கிறேன் என்று தானாகவே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

நாலு மணியாயிற்று. தவமலர் மேசையடிக் கதிரையில்தான் இருந்தார். கை இரண்டும் மடியில் கிடந்தன. புதுப் போன் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பழைய போன் வைத்த இடத்தில் கிடந்தது. ஐந்து நிமிடம் போனது. மடியில் கிடந்த கைகள் எழும்பவில்லை.

கஜந்தினி குசினிக்குள் போனாள். தேத்தண்ணிக் கோப்பையின் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்ரிக் துணி பொசுங்கிய இடத்தின் மேலே அதைக் கவிழ்த்து வைத்தாள். அதன்மேல் போனை வைத்துச் சாச்சரைக் குத்தி, தாயின் கைக்கு எட்டுகிற பக்கமாகத் தட்டைத் தள்ளிவிட்டு, சுவிச்சைப் போட்டாள்.