ஷீட்டில் மிச்சமிருந்த எண்

பெயிண்ட் தின்னர் வாசனை, வெயிலில் இளகிய ஸ்டிக்கர் பசை வாசனை, பக்கத்து டீக்கடை பஜ்ஜி வாசனை... மூன்றும் கலந்ததுதான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த எங்கள் மாமாவின் ஸ்டிக்கர் கடை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு அங்கே வேலை. பைக், ஆட்டோ, டிராக்டர் என்று வருகிற வண்டிக்கெல்லாம் நம்பர் ஒட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வேறு பைத்தியம். பிளாஸ்டிக் கிட் வாங்கி, உள்ளங்கையில் அடங்குகிற மாடல் லாரிகள் செய்வேன். அப்படி ஒரு தடவை, 1971 பாகிஸ்தான் சண்டையில் ஓடிய நம் விமானப்படை லாரி ஒன்று செய்தேன். கிட் வெளிநாட்டுச் சரக்கு. கூட வந்த டீக்கல் ஷீட்டில் வேறு நாட்டு முத்திரைகள்தான் இருந்தன. டீக்கல் என்றால், தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்தைவிட்டு நழுவி வருகிற மெல்லிய ஸ்டிக்கர்.

நம் விமானப்படை வட்டத்தை நானே வரைந்தேன். நடுவில் காவி, சுற்றி வெள்ளை, வெளியே பச்சை. அந்தப் பச்சை சரியாக வருவதற்கு மூன்று ஞாயிறு ஆனது. நம்பர் பிளேட்டில் ராணுவ வண்டிகளுக்கே உரிய மேல்நோக்கிய அம்புக்குறியும் வைத்தாயிற்று.

ஆனால் எண்? நிஜ லாரியின் எண் எதுவும் எனக்குத் தெரியாது. பழைய ஷீட்டுகளைத் துழாவினேன். இரண்டு ஏழு, ஒரு ஒன்று, ஒரு நாலு மிச்சமிருந்தன. 7174 என்று ஒட்டினேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

சென்னையில் நடந்த மாடல் கண்காட்சியில், அடையாளங்களுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டு ஒரு அட்டை கொடுத்தார்கள். 'உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்த, டிரைவர் ஒருவர் லாரியோடு நிற்கிற போட்டோ' என்று கூசாமல் எழுதினேன். சர்டிபிகேட் கிடைத்தது. லாரியையும் அந்த அட்டையையும் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் ரேஷன் கார்டை லேமினேஷன் செய்ய எஸ்தர் அக்கா வந்தார். திருமுக்கூடல்காரர், நடவு வேலைக்குப் போகிறவர். அட்டையைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, அந்த போட்டோவுல கீற டிரைவரு பேரு இன்னா? எங்க நைனா ஏர்போர்ஸ்ல லாரி ஓட்னாரு. நான் கைக்கொயந்தையா இருக்க சொல்ல செத்துப் பூட்டாரு. வூடு பத்திக்கினப்போ அவரு போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல. மாசிலாமணின்னு பேரு..."

கடையில் மாமா இருந்தார். நாலு வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். 'போட்டோவே இல்லக்கா, சும்மா எழுதினேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாக்கா... அந்தப் பேருதான் சொன்னாங்க."

சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் குன்றிப்போகிறேன்.

"அந்த போட்டோவ ஒரு வாட்டி காட்டுறியா தம்பி?"

"அந்த வூட்டுக்காரங்க வூட்ட வித்துட்டு எங்கியோ போயிட்டாங்கக்கா."

கண்ணாடியில் விரலை வைத்து, "இதான் அவரு வண்டி நம்பரா?" என்றார். தலையாட்டினேன். அதை பில்லுக்குப் பின்னால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் உத்திரமேரூருக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் லாரியை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். தங்கமான பையன் என்றார் மாமா. அக்காவின் முகத்தை இனிப் பார்க்கவேண்டாம் என்றுதான் கொடுத்தேன் என்பது எனக்கல்லவா தெரியும்!

இப்போது கடை என்னுடையது. போன வாரம் வாசலில் ஒரு புது லோடு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது அக்காவின் மகன் டேவிட். பக்கத்து சீட்டில் அக்கா.

"பாய், ரெண்டு சைடுலயும் பின்னாடியும் நம்பர் பெருசா போடணும். நீங்கதான் ஒட்டணுமாம், அம்மா சொல்லிச்சி."

ஆர்.சி. புக்கைப் பார்த்தேன். 7174.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு வாங்கினேன் பாய், தாத்தா நம்பராச்சே! அந்த அம்புக்குறியும் போட்டுடுங்க."

அம்புக்குறி ராணுவ வண்டிக்கு மட்டும்தான், மற்றவர்கள் போட்டால் தப்பு என்று சட்டம் பேசினேன். எவ்வளவு யோக்கியன் பாருங்கள்!

ஒட்டி முடித்ததும் அக்கா இறங்கி வந்து எண்களைத் தடவிப் பார்த்தார்.

"எங்க நைனா மொகமே எனக்கு நெனப்பு இல்ல தம்பி. அவருதுன்னு எங்ககிட்ட கீறது இந்த நம்பர் ஒண்ணுதான். நீ குட்த்தது."

நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ அவமானம். மாமா திட்டியிருப்பார், நாலு பேர் சிரித்திருப்பார்கள், அக்கா வருத்தத்தோடு பஸ் ஏறியிருப்பார். இன்றைக்குச் சொன்னால், அந்த மனுஷியிடம் இருக்கிற ஒரே அப்பாவையும் பிடுங்கிக்கொள்வேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை... தினமும் காலையில் அந்த வண்டி கடையைத் தாண்டிப் போகிறது. எதையோ தேடுகிறவன் மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொள்கிறேன்.

டேவிட், ஃபேஸ்புக்கில் நான் போடுகிற இந்தப் பதிவுகளை நீ படிப்பாய் என்று தெரியும். அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியதும் நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

அன்றைக்கும் நான் வரவில்லை என்றால்... நீயே சொல்லிவிடு.