மோட்டாரில் பூசிய பசை

போர் முடிகிற காலம். புளியந்தீவிலிருந்து கல்குடாவுக்கு ரிமோட் கார் ஒன்றைப் பஸ்ஸில் கொண்டுபோனேன். மோட்டார் சூடேறாமலிருக்க, அதற்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே சாம்பல் நிறப் பசை பூசியிருந்தேன். சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பசையையும் வயர்களையும் கண்ட ஆமிக்காரர் முகம் மாறியது.

"காரை நிலத்தில வச்சிட்டு ரிமோட் பட்டனை அமத்து" என்றுவிட்டு மணல்மூட்டைகளுக்குப் பின்னால் போனார். சனமும் விலகி ஓடியது. நானே பூசிய பசைதான். ஆனாலும் வெடித்துவிடுமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. விரல் அசையவில்லை.

பஸ்ஸில் வந்த மீன்காரம்மா ஒருவர் கூடையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அமத்து மனே, நான் நிக்கிறன்."

அமத்தினேன். கார் ஓடியது.

பஸ் புறப்பட்டதும், "அது விளையாட்டுக் காரெண்டு தெரிஞ்சா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க மனே தெரியும்? நீ தனியா நிண்டாய்."