ஜெசிந்தா நிறுத்திவைத்த செல்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கல்லூரியில் இருந்தேன். ஞாயிறு நமக்குத்தான் விடுமுறை, இன்குபேட்டருக்குள் வளரும் செல்களுக்கு இல்லை. அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் கணவர் அந்தோணி அண்ணன் அழைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன். "ஜெசி நம்மள உட்டு பூட்டாம்மா" என்றார். பிறகு புதிய கையுறை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த தட்டுகளையும் முடித்துவிட்டுத்தான் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். பாதியில் விட்டு ஓடியிருந்தால் அவள் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பாள். அவளை அறிந்த உங்களுக்கு நான் மிகையாகச் சொல்லவில்லை என்று தெரியும்.

ஆவடியை ஒட்டிய எங்கள் கல்லூரியில் அவளும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டாம் மாடி மூலையில் இருக்கும் செல் வளர்ப்பு அறை, அவள் நச்சரித்து நச்சரித்து வாங்கியது. அதை மூடிவிட்டுக் கணினிக்கூடம் ஆக்க வேண்டும் என்று நிர்வாகம் வெகுநாளாகக் கண் வைத்திருந்தது. ராத்திரி பகலாக ஏசி ஓடுகிறதே, என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள். கோபம் வந்தால் அவளுக்குப் பிறந்த ஊர்த் தமிழ் வந்துவிடும். "ஏசி எனக்கு இல்ல சார், செல்லுக்கு. எனக்கு ஃபேனு கூட வாணாம், நிறுத்திக்கோங்க" என்பாள். இப்படியே ஒவ்வொரு ஆண்டும் அறை பிழைத்தது.

எதற்காக அத்தனை சண்டை? ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் அதற்குள் இருக்கும் இரண்டு முனைகள் விலகி எதிரெதிரே போய் நிற்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் நுண்ணிய இழைகள்தாம் குரோமோசோம்களைப் பங்கு பிரிக்கின்றன. முனைகளைத் தள்ளி விலக்குவது கைனசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம். இழைமேல் அடியெடுத்து வைத்து நடக்கும், அதனால் அதை மோட்டார் என்கிறோம். அதை நிறுத்திவிட்டால் முனைகள் விலகாது, குரோமோசோம்கள் வட்டமாக மாட்டிக்கொண்டு நிற்கும். பிரிய முடியாமல் நிற்கும் புற்றுநோய்ச் செல் பல நேரங்களில் செத்தும் போகும். அப்படி நிறுத்தும் மருந்துகளைத்தான் அவள் ஆராய்ந்தாள்.

அவளுக்கே மார்பில் கட்டி வந்தபோது தெருவில் பேச்சு கிளம்பியது. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். எதிர்வீட்டு சரோஜா அக்கா நேராகவே கேட்டார்: "கேன்சரையே தொட்டுகினு கெடந்தா ஒட்டிக்காதா ஜெசி? அந்த வேலய உட்டுடேன்."

"அப்ப போலீஸ்காரனுக்கெல்லாம் திருட்டு புத்தி ஒட்டிக்கணுமேக்கா?"

"சில பேருக்கு ஒட்டிக்கினுதான கீது!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஜெசிந்தா அதோடு விடவில்லை. அடுத்த வாரமே அவரை ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்கு அழைத்து வந்து மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தாள். "ஐய, வளையல் மாதிரி கீதே!" என்றார் அக்கா. "வளையல் இல்லக்கா, அதான் கேன்சர் செல்லு. பிரிய உடாம நிறுத்தி வெச்சிகீறேன்" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் யாராவது வாயைத் திறந்தால் சரோஜா அக்காவே சண்டைக்குப் போனார்.

சிகிச்சையில் அவளுக்குக் கொடுத்த மருந்து அந்த இழைகளையே இறுக்கிப் பிடிக்கும் வகை. நரம்புகளுக்கும் அதே மாதிரி இழைகள்தாம் பாதை. விரல்நுனிகள் மரத்துப் போயின. ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. இழையை விட்டுவிட்டு, பிரியும் செல்லில் வேலை செய்யும் மோட்டாரை மட்டும் பிடித்தால் நரம்பு தப்பிக்கலாம் என்பதுதான் கைனசின் மருந்துகள்மேல் இருந்த பெரிய நம்பிக்கை. "படிச்சப்ப இது வெறும் வரி. இப்ப என் வெரலு" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு என்மேல் எரிச்சல் வந்தது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. செல்களுக்கு மருந்து போட்டவர் முடிவை எண்ணக் கூடாது. எந்த மருந்து என்று கண்ணாடித் தகட்டில் எழுதியிருப்பதைக் காகிதம் ஒட்டி மறைத்து இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். "போட்ட மனசு, வேண்டியதத்தான் பாக்கும்" என்பாள். அவள் கை மரத்த பிறகு மருந்து போடுவது என் வேலை ஆனது. அப்படியென்றால் எண்ண வேண்டியவள் அவள். ஆனால் மைக்ராஸ்கோப்பின் குமிழை அவளால் நிதானமாகத் திருப்ப முடியவில்லை. இந்த ஒரு தடவை நானே எண்ணிவிடுகிறேன் என்றேன். முறைத்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, "ஏத்து... கொஞ்சம் எறக்கு... நில்லு" என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள். கை என்னுடையது, கண் அவளுடையது. கடைசிவரை அப்படித்தான் வேலை நடந்தது.

கைனசின் மருந்துகள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. எங்கள் கருத்தரங்குக்கு வந்த ஒரு பேராசிரியர், "அது முடிந்துபோன விஷயம், வேறு ஏதாவது செய்யுங்கள்" என்றார். முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்த ஜெசிந்தா எழுந்தாள். "தனியா குடுத்தா போதலன்னு தெரிஞ்சிருக்கு சார். ஒரு மோட்டார நிறுத்துனா அதே குடும்பத்துல இன்னொன்னு வந்து அந்த வேலைய எடுத்துக்குது. ரெண்டையும் சேத்து நிறுத்திப் பாக்க வாணாமா? பாத்துட்டு மூடுவோம் சார். பாக்காம எப்டி மூடுறது?"

வெளியே வந்ததும், இது உனக்கு நேரத்துக்கு வராதே ஜெசி என்று சொல்லிவிட்டேன். "அது எனக்குத் தெரியாதா? எனக்காகவா ஆரம்பிச்சேன்?" என்று கேட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

இரண்டையும் சேர்த்து நிறுத்தியபோது வளையமாக மாட்டிக்கொண்ட செல்கள் கூடுதலாகத் தெரிந்தன. எண்ணியது அவள்தான். மறுபடியும் செய்து பார்க்காமல் வெளியே மூச்சு விடக் கூடாது என்றாள். அதற்குள் யாராவது முடிவைக் கேட்டால், நேராகப் பார்த்து "தெரியாது" என்பாள். மறுபடியும் செய்ய ஆரம்பித்த நிலையில்தான் அவள் போனாள்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. தாளாளர் நன்றாகவே பேசினார். முடிவில், இரண்டாம் மாடியில் வரப்போகும் கணினிக்கூடத்துக்கு ஜெசிந்தாவின் பெயர் சூட்டப்படும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அந்தோணி அண்ணன் லேத் பட்டறைக்காரர், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல். என் பக்கம் திரும்பி, "இன்னாமா இது, அவ ரூம எடுத்துகினு அவ பேர வெக்கிறாங்களா?" என்று கேட்டார். அரங்கம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் நின்றது. நான் எழுந்தேன். "பெயர் வேண்டாம் ஐயா. அறை போதும்" என்றேன்.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்த அறையின் சாவியைக் கேட்டு வந்தார். சோதனை நடக்கிறது, முடியட்டும் என்றேன். எப்போது முடியும் என்றார். "தெரியாது" என்றேன். தலை குனியாமல், குரல் இறங்காமல் அந்தச் சொல்லைச் சொல்ல நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகினேன். அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். சாவியை நான் கொடுக்கவில்லை.